ஒன்றரைச் சுற்று: மல்லேஸ்வரத்து முற்றங்களும் இரட்டைக் கார்புரேட்டரும்

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எதனை, எவர், எந்த ஆண்டில் முதன்முதலில் உருவாக்கினார் என்பதே அதன் முதன்மைக் கேள்வி. வாங்கியவர் அப்பொருளை எவ்வாறு பேணி ஓட்டினார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்னும் நூல், பயன்பாட்டையும் பராமரிப்பையும் நடுவில் வைத்து இவ்வரலாற்றைத் திருப்பி எழுத வேண்டும் என வாதிட்டது. அந்நோக்கில் ஆராயத்தக்க சிறு செயல் ஒன்று உண்டு: இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளின் இரு கார்புரேட்டர்களையும் வீட்டு முற்றத்திலேயே ஒத்திசைய வைத்தல். அச்செயலுக்குரிய இடமும் காலமும் எவ்வாறு அமைந்தன என்பதை அறிய, பெங்களூரின் மல்லேஸ்வரம் நல்லதொரு களம்.

மல்லேஸ்வரத்திற்குப் பெயர் தந்தது காடு மல்லேஸ்வரர் கோயில். அங்குள்ள 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரரான ஏகோஜி அளித்த கிராமக் கொடையைக் குறிப்பிடுகிறது. பின்னர்த் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவியவர் இவரே. ஆனால் இன்று காணப்படும் குடியிருப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திட்டமிடப்பட்டது. 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் கொள்ளைநோய் அதன் வளர்ச்சியை விரைவுபடுத்தியது. நெரிசலே நோய்க்குக் காரணம் எனக் கருதப்பட்டதால், நேரான குறுக்குத் தெருக்களும், வீட்டைச் சுற்றித் திறந்த வெளியும், பின்புறச் சந்துகளும் வகுக்கப்பட்டன. தமிழ் பேசும் குடும்பங்கள் பலவும் இங்குக் குடியேறின. காற்றோட்டத்திற்காக விடப்பட்ட அந்த வெளியே அரை நூற்றாண்டுக்குப் பின் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் நிற்கும் இடமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவை பிரிக்கப்படும் இடமுமாயிற்று. பொதுச் சுகாதாரக் கொள்கை ஒன்று, எவரும் எண்ணிப் பாராத வகையில், வீட்டுப் பட்டறைக்கு இடம் ஒதுக்கித் தந்தது எனலாம்.

இடம் மட்டும் போதாது; கைப்பழக்கமும் வேண்டும். 1909இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம் மல்லேஸ்வரத்தின் அண்டையிலேயே உள்ளது. 1940இல் இந்துஸ்தான் விமான நிறுவனமும், 1948இல் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையும், 1950களின் முற்பகுதியில் ஜாலஹள்ளிப் பக்கம் எச்.எம்.டி.யும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் தோன்றின. ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பெயர்பெற்ற மைக்கோ நிறுவனமும் அதே காலத்தில் நகருக்கு வந்தது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளப்பதே அன்றாட வேலையாக இருந்தோர் வாழ்ந்த நகரம் அது. ஃபீலர் கேஜும் வெர்னியர் காலிப்பரும் ஆலைக்குள் மட்டுமே அறியப்பட்ட பொருள்களாக அங்கு இருக்கவில்லை.

இச்சூழலில் 1983இல் ராஜ்தூத் 350 சந்தைக்கு வந்தது. ஜப்பானில் 1973 முதல் 1975 வரை தயாரான யமஹா ஆர்.டி. 350-இன் இந்திய வடிவம் அது. உரிமம் பெற்றுத் தயாரித்தது எஸ்கார்ட்ஸ் குழுமம். 64 மி.மீ. விட்டமும் 54 மி.மீ. வீச்சும் கொண்ட இரு சிலிண்டர்கள், 347 சி.சி. கொள்ளளவு, ஆறு கியர்கள். ஜப்பானிய மூலத்தின் 39 குதிரைத்திறன் இங்கு 30.5 ஆகவும், பின்னர் வந்த வடிவில் 27 ஆகவும் குறைக்கப்பட்டது. பெட்ரோல் சிக்கனம் இதன் நோக்கம். முன்சக்கர டிஸ்க் பிரேக்கிற்குப் பதிலாக டிரம் பிரேக் பொருத்தப்பட்டது. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்குப் பழகியிருந்த இந்திய மெக்கானிக்கின் முன், சிலிண்டருக்கு ஒன்றாக இரு கார்புரேட்டர்கள் கொண்ட வண்டி வந்து நின்றது.

கார்புரேட்டரின் அடிப்படை எளியது. குறுகிய கழுத்தின் வழியே காற்று விரையும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. அக்குறைவு பெட்ரோலை மேலே இழுத்துத் தூவுகிறது. எவ்வளவு காற்று செல்லலாம் என்பதை ஸ்லைடு என்னும் உருளை வடிவ அடைப்பு தீர்மானிக்கிறது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் கேபிள் அதனை உயர்த்தும். கார்புரேட்டர் ஒன்றாயின் சிக்கல் இல்லை. இரண்டாயின், கைப்பிடியிலிருந்து வரும் ஒரே இழுவை இரண்டாகப் பிரிந்து, இரு ஸ்லைடுகளையும் ஒரே கணத்தில் ஒரே உயரத்திற்குத் தூக்க வேண்டும். கேபிள்கள் சமமாக நீள்வதில்லை. ஆகவே பிழை தானாகவே வந்து சேரும். ஒரு ஸ்லைடு அரை மில்லிமீட்டர் பிந்தினாலும் ஒரு சிலிண்டர் உழைக்க, மற்றது உடன் இழுபட்டுச் செல்லும். ஐடிலிங்கில் வண்டி நடுங்கும், நடுவேகத்தில் திணறும்.

நடுக்கம் எரிச்சலூட்டுவது மட்டுமே. ஆபத்து வேறிடத்தில் இருந்தது. இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் மசகெண்ணெயைத் தனிப் பம்ப் ஒன்று செலுத்துகிறது; அதன் அளவைக் கட்டுப்படுத்துவதும் ஆக்சிலரேட்டர் இழுவையின் மற்றொரு கிளையே. பம்ப் கேபிள் தளர்ந்திருந்தால் வேகத்திற்கேற்ற எண்ணெய் கிடைக்காது. ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் அதன் வெப்பம் ஏறும். சூட்டில் விரிந்த பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். கிளட்சை உடனே பிடிக்காதவர் வீழ்வார். பிரேக் வலுக்குறைந்த, அக்காலச் சாலைகளில் மிக விரைவான வண்டிக்கு இது சிறு செய்தியன்று. கார்புரேட்டரைச் சரிசெய்தல் பொழுதுபோக்காகத் தோன்றினாலும் அதன் அடியில் உயிரச்சம் இருந்தது.

வீட்டில் நிகழ்ந்த பணிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காற்று வடிகட்டியைத் துடைத்து, பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்ப்பர். காப்பிப் பழுப்பு நலம். வெளிறிய வெண்மை எச்சரிக்கை. ஈரக் கருமை பெட்ரோல் மிகுதிக்கு அடையாளம். அடுத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே இக்னிஷன் டைமிங். அது தவறாக இருக்கையில் கார்புரேட்டரைத் தொடுவது வீண்; ஒரு பிழையால் மற்றொரு பிழையை மறைப்பதாகவே முடியும். பின்னர் ஏர் ஸ்க்ரூ இரண்டையும் மெல்ல இறுதிவரை திருகி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுப் பின்வாங்குவர். அதன்பின் ஸ்லைடுகள். ஒரே அளவுள்ள இரு டிரில் பிட்களின் தண்டை இரு ஸ்லைடுகளுக்கும் அடியில் நுழைத்து ஐடிலிங் உயரம் சமமா எனப் பார்ப்பர். கார்புரேட்டர் வாய்களில் இரு விரல்களை வைத்துக்கொண்டு, மற்றொருவரை ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகச் சொல்வர். இரு விரல்களுக்கும் அசைவு ஒருங்கே தெரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இரு சைலன்சர்களின் பின்னும் உள்ளங்கைகளை நீட்டிப் புகையின் உந்துதலை ஒப்பிடுவர். இறுதியில் எண்ணெய்ப் பம்பின் குறியீடு பொருந்துகிறதா எனச் சோதிப்பர். ஸ்லைடைச் சரிசெய்துவிட்டுப் பம்பை மறந்தவர், ஒத்திசைந்த இரு பிஸ்டன்களையும் ஒருங்கே இழக்க நேரும்.

இப்பணி மல்லேஸ்வரத்திற்கோ இந்தியாவிற்கோ மட்டும் உரியதன்று. 1927இல் மூன்று நிறுவனங்களின் இணைப்பால் பிறந்த பர்மிங்காமின் அமால் கார்புரேட்டர்கள் பிரித்தானிய வண்டிகளை ஆண்டன. 1959இன் டிரையம்ப் பானவில், இரு கார்புரேட்டர்களையே தன் பெருமையாக்கியது. 1969இல் வந்த ஹோண்டா சி.பி. 750 நான்கு கார்புரேட்டர்களைக் கொண்டிருந்தது. நான்கை விரலால் ஒப்பிடுதல் அரிது. ஆகவே பாதரச நிரல்களோ வெற்றிட மானிகளோ தேவைப்பட்டன. பாதரச உயரத்தால் அழுத்தத்தை அளக்கும் முறை 1640களில் டாரிசெல்லி கண்டது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கோட்பாடு மோட்டார் சைக்கிள் பட்டறைக்குள் நுழைந்தது. பாதரசத்தின் நச்சை அறிந்தோர் தெளிந்த குழாயில் எண்ணெயை நிரப்பி அதே வேலையை வாங்கினர்.

ஆயினும் ராஜ்தூத் உரிமையாளர் பலரும் மானிகளின்றியே பணியை முடித்தனர். இதனை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் படித்தல் தவறு. இரு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கில் ஸ்லைடுகளின் உயரத்தைக் கண்ணாலும் விரலாலும் ஒப்பிடுதல் பொறியியல் முறையாகவே போதுமானது. கருவி எங்குத் தேவை, எங்குத் தேவையில்லை என அறிவதும் அறிவே. இக்குடியிருப்பின் விளிம்பில் வயலின் வடிவில் நிற்கும் சௌடையா நினைவரங்கம், நான்கு தந்திக் கருவியை ஏழு தந்தியாக்கிய கலைஞரின் பெயரைத் தாங்குகிறது. கூடுதல் தந்திகள் கூடுதல் ஒலியைத் தந்தன. அவற்றைச் சேர்த்து இழைக்கும் பொறுப்பு காதின் மேல் விழுந்தது. கார்புரேட்டர் இரண்டானபோதும் பொறுப்பு அவ்வாறே புலன்களின் மேல் விழுந்தது.

இவ்வறிவுக்கு உரியவர் எவர் என்பதே வரலாற்றாய்வாளர் எதிர்கொள்ள வேண்டிய கடினமான கேள்வி. ஆங்கில சர்வீஸ் மேனுவலைப் படித்துச் செய்தவர் ஒரு சாரார். எழுத்தின் துணையின்றிக் கேட்டும் தொட்டும் கற்ற தெரு மெக்கானிக்குகள் மறு சாரார். முன்னவருக்கு முற்றமும் ஓய்வு நாளும் இருந்தன. பின்னவருக்கு நடைபாதையும் அன்றைய கூலியும். ஜே.சி. சாலை உதிரிபாகக் கடைகளும் சிவாஜிநகர்ப் பழம்பொருள் சந்தையும் இருவரையும் இணைத்தன. ஆனால் சான்றுகள் முன்னவரையே காட்டுகின்றன: புகைப்படம், குறிப்பேடு, ரசீது. தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் கலந்த பட்டறை மொழி ஆவணக்காப்பகத்திற்குள் நுழையவே இல்லை. வீட்டுப் பராமரிப்பைத் தற்சார்பின் வெற்றியாக மட்டும் எழுதினால், கற்றுக்கொடுத்த கைகள் மறைந்துபோகும்.

அவ்வுலகம் சுருங்கத் தொடங்கியது விரைவில்தான். 1984–86 காலத்தில் ஜப்பானியக் கூட்டில் வந்த 100 சி.சி. வண்டிகள், ஓசூரில் தயாரான இந்த்-சுசூகி உட்பட, சிக்கனத்தையும் தொல்லையின்மையையும் முன்வைத்தன. அவற்றில் ஒரே கார்புரேட்டர்; ஒத்திசைக்க ஏதுமில்லை. 1980களின் இறுதியோடு ராஜ்தூத் 350 நின்றது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசு விதிகள் பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளிலிருந்து கார்புரேட்டரையே அகற்றின. புகை குறைந்தது, இழந்ததை எண்ணி இந்த நன்மையை மறுக்க இயலாது. மல்லேஸ்வரத்துத் தனி வீடுகளும் ஒவ்வொன்றாக அடுக்ககங்களாகி வருகின்றன. முற்றம் இருந்த இடத்தில் தரையடி வாகன நிறுத்தம்.

ராஜ்தூத் 350-ஐ இன்றும் ஓட்டும் ஆர்வலர் பெங்களூரில் உள்ளனர். அவ்வண்டிகளைச் சரிசெய்யக் கற்ற முதல் தலைமுறை மெக்கானிக்குகள் இன்று முதுமையில் உள்ளனர். ‘ஒன்றரைச் சுற்று’ என்பது எந்த மேனுவலிலும் கிடைக்கும். எந்த வண்டிக்கு அதனினும் கால் சுற்று குறைய வேண்டும், அதனை எந்த ஒலியால் அறிவது என்பது அவர்களிடம் மட்டுமே உண்டு. வாய்மொழி வரலாற்றுத் துறையின் ஒலிப்பதிவுக் கருவி செல்ல வேண்டிய இடம் அப்பட்டறைகள். அதற்குரிய காலம் நீண்டதன்று.