நாலு மணி சிக்னலும் பத்தாயிரம் காலடியும்

இந்திய ரயில்வேயின் பொது விதிகளில் 4.01 என்று ஒரு விதி இருக்கிறது. வண்டிகள் அரசு நிர்ணயித்த நிலையான நேரப்படிதான் ஓடவேண்டும். அந்த நேரம் தினமும் 16.00 மணிக்கு எல்லா முக்கிய நிலையங்களுக்கும் அனுப்பப்படவேண்டும் என்பது அதன் சாரம். அதே அத்தியாயத்தில் இன்னொரு விதி. வண்டி கிளம்பும் முன் கார்டு தன் கடிகாரத்தை ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டு, நேரத்தை டிரைவருக்குச் சொல்லவேண்டும், டிரைவர் அதன்படி தன் கடிகாரத்தைத் திருத்தவேண்டும். (இப்போது கார்டு 'டிரெயின் மேனேஜர்', டிரைவர் 'லோகோ பைலட்'. ஜோலார்பேட்டையில் வாயில் வருவது என்னமோ கார்டு, டிரைவர்தான்.)

கையில் கட்டும் கருவி உடம்பைக் கணக்கெடுக்கணுமா, இல்லை போன் மாதிரி சேதி சொல்லணுமா, அதாவது ஃபிட்னஸ் பேண்டா ஸ்மார்ட்வாட்ச்சா என்று எங்கள் ஆபீஸ் குரூப்பில் ஒரு வாரம் சண்டை ஓடியது. எல்லாரும் பேட்டரி, டிஸ்ப்ளே, விலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த நாலு மணி சிக்னல்தான் ஞாபகம் வந்தது. இந்தக் கேள்வி புதுசு இல்லை. இதற்குப் பின்னால் இரண்டு தனித்தனி பரம்பரைகள் இருக்கின்றன. ஒன்று கடிகாரம், இன்னொன்று காலடிக் கணக்கு. ரெண்டும் ஒரே மணிக்கட்டில் வந்து சேர்ந்தது நேற்றைய கதை.

முதலில் கடிகாரம். மெட்ராஸ் ரயில்வேயின் முதல் வண்டி 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கிளை திறந்தது, நாங்கள் ஜங்ஷன் ஆனோம். அதுவரை ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் நேரம்தான், சூரியன் உச்சிக்கு வந்தால் பன்னிரண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80.25 பாகையை ஒட்டி, ஜோலார்பேட்டை 78.57ஐ ஒட்டி. பாகைக்கு நாலு நிமிஷம். ஆக சென்னையில் உச்சி வந்து ஏறக்குறைய 7 நிமிஷம் கழித்துத்தான் நமக்கு உச்சி. பெங்களூருக்கு இன்னும் 4 நிமிஷம் போகணும். மாட்டு வண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் ரெண்டு வண்டிக்கு ஏழு நிமிஷம் என்பது உயிர்.

அதனால் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் நேரம், 'மெட்ராஸ் டைம்', பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா முழுக்க ரயில்களின் நேரமாக ஆனது. தினமும் மாலை 4 மணிக்குத் தந்திக் கம்பி வழியாக அந்த நேரம் போகும். விதி 4.01ல் இன்றைக்கும் 16.00 என்று நிற்பது அந்த வழக்கத்தின் எச்சம் என்றுதான் நான் படிக்கிறேன். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நிலையான நேரம் வந்தபோது மெட்ராஸ் கடிகாரங்கள் கிட்டத்தட்ட 9 நிமிஷம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. இப்போது ஜோலார்பேட்டையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 16 நிமிஷத்துக்கு. நம் கையில் கட்டியிருப்பது நம்ம ஊர் நேரமே இல்லை.

சொல்ல வருவது இதுதான். கடிகாரம் வெளியே இருக்கும் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்து உடம்பின் மேல் கட்டுகிறது. வண்டி வருது, ஷிப்டு மாறுது, மீட்டிங் இருக்கு, போன் அடிக்குது. ஸ்மார்ட்வாட்ச் இந்தப் பரம்பரையின் கடைசிப் பேரன்.

காலடிக் கணக்கு வேறு வீட்டுப் பிள்ளை. உடம்பு செய்ததை எடுத்து வெளியே ஒரு நோட்டில் எழுதுவது அதன் வேலை. இந்தியாவில் இதன் உச்சம் நைன் சிங் ராவத். 1802ல் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் நில அளவை, அறுபது வருஷம் கழித்து இமயமலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. திபெத்துக்குள் வெள்ளைக்காரர் நுழைய முடியாது. குமாவூன் மலையின் மிலாம் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் நைன் சிங்கை 1863ல் டேராடூனுக்கு அழைத்து, மேடோ பள்ளமோ எங்கே நடந்தாலும் ஒரே நீளத்தில் கால் வைக்கப் பழக்கினார்கள். ஒரு மைலுக்கு 2000 காலடி. கையில் ஒரு ஜபமாலை. வழக்கமான 108 மணிக்குப் பதில் அதில் 100 மணி. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளணும். மாலை ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் காலடி, ஐந்து மைல். பார்ப்பவருக்கு சாமி கும்பிடும் யாத்ரிகர். எழுதிய குறிப்புகள் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள்ளே.

அப்படி 1866 ஜனவரியில் லாசாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ 1200 மைல் நடை, இருபத்தைந்து லட்சம் காலடி. 1868ல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்கு ஒரு தங்கக் கடிகாரம் பரிசளித்தது. இருபத்தைந்து லட்சம் காலடி எண்ணினவருக்குக் கடிகாரம்! 1877ல்தான் தங்கப் பதக்கம் வந்தது.

அவர் காலடி எண்ணிக்கையை மட்டும் நம்பி வரைபடம் போடவில்லை என்பதுதான் இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செக்ஸ்டண்ட் வைத்து நட்சத்திரம் பார்த்து அட்சரேகை எடுத்தார், தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையிலிருந்து உயரம் கணித்தார். காலடிக் கணக்கு வழி தவறினால் வானம் திருத்தும். கார்டு கடிகாரத்துக்கு நாலு மணி சிக்னல் எப்படியோ அப்படி. ரெண்டு பரம்பரைக்கும் இருந்த ஒரே பொதுக்குணம் இது. கருவியைத் தனக்கு வெளியே இருக்கும் ஒன்றோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பத்தாயிரம் என்ற எண் மறுபடி வருவது 1965ல், ஜப்பானில். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருஷம், யாமாசா டோகெய் என்ற கடிகாரக் கம்பெனி இடுப்பில் மாட்டும் ஒரு கருவியை விற்றது. பெயர் மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் காலடி மீட்டர். இன்றைக்குப் பல பேண்டுகளில் இலக்காக நிற்கும் பத்தாயிரம் இந்த விளம்பரப் பெயரில் பிறந்ததுதான். நைன் சிங்கின் மாலைக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது, வெறும் தற்செயல். 2019ல் ஐ-மின் லீ குழுவினர் வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், நாளைக்கு 2700 காலடி நடப்பவர்களைவிட 4400 நடப்பவர்களிடம் இறப்பு குறைவு, 7500ஐ ஒட்டி அந்த லாபம் சமநிலைக்கு வந்துவிடுகிறது என்று கண்டார்கள். பத்தாயிரத்தில் ஒரு மந்திரமும் இல்லை.

இனி நம்ம பக்கத்து ஊர்களுக்கு வருவோம். பெங்களூரில் எச்.எம்.டி. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை கைக்கு எச்.எம்.டி. போடாத கல்யாணம் குறைவு. ஜனதா மாடலுக்கு தினமும் காலையில் சாவி கொடுக்கணும். கொடுக்கும்போதே ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலிக்கு முள்ளைத் திருத்துவார்கள். ஒப்பிடும் பழக்கம் அப்போது வீட்டுக்குள்ளும் இருந்தது.

1984ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின, ஆலை ஓசூரில். செர்க்சஸ் தேசாய் எடுத்த முடிவு குவார்ட்ஸ். சாவி கிடையாது, மாசத்துக்குச் சில விநாடிதான் பிசகும். எச்.எம்.டி. அதற்கப்புறம் எழவே இல்லை. 2016 ஜனவரியில் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. குவார்ட்ஸ் நல்ல பொருள், சந்தேகமில்லை. ஆனா அதோடு தினமும் சரிபார்க்கும் பழக்கமும் போச்சு. கையில் இருப்பது சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று நாம் நம்பத் தொடங்கியது அப்போதிலிருந்துதான் என்பது என் கணிப்பு.

எங்கள் ஆபீஸ் சண்டையின் ரெண்டு கட்சிக்கும் ஓசூரே பொருள் செய்து விற்றிருக்கிறது. 2016ல் டைட்டன் எச்.பி. கம்பெனியோடு சேர்ந்து 'ஜக்ஸ்ட்' கொண்டுவந்தது. முள் கடிகாரம், முகத்தின் அடியில் ஒரு சின்னத் திரை, அழைப்பும் செய்தியும் அதில் எட்டிப் பார்க்கும். விலை பதினாறாயிரத்தை ஒட்டி. அடுத்த வருஷமே ஃபாஸ்ட்ராக் பெயரில் 'ரிஃப்ளெக்ஸ்' பட்டை, காலடியும் தூக்கமும் எண்ணும், விலை இரண்டாயிரத்துக்குள். அப்புறம் 2020ல் பாரத ஸ்டேட் வங்கியோடு சேர்ந்து 'டைட்டன் பே'. கடிகாரத்தைத் தொடவே இல்லை, பணம் செலுத்தும் சில்லை வாருக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரனாகப் பார்த்தால் எனக்கு இது பிடித்த தீர்வு. நேரம் காட்டுவது கடிகாரத்தின் வேலை, மற்றதைத் தோல் பார்த்துக்கொள்ளட்டும்.

வெளியுலகத்திலும் காற்று ஒரே பக்கம்தான் அடித்தது. 2015ல் ஆப்பிள் வாட்ச் தங்க உறையோடு ஆபரணமாக வந்தது. 2018ல் அதே கடிகாரம் இதயத்துடிப்பு வரைபடம் எடுத்தது. அறிவிப்புகளுக்காகவே பிறந்த பெபிள் 2016ல் ஃபிட்பிட்டிடம் விலைபோனது. மணி அடிக்க ஏற்கெனவே பாக்கெட்டில் போன் இருக்கே, கையில் இன்னொரு மணி எதுக்கு? அதிலும் எங்கள் ஊர்த் தொழிலில் பணியில் இருக்கும் லோகோ பைலட் கைபேசியை அணைத்து வைக்கணும் என்று உத்தரவு. மணிக்கட்டில் அதிர்ந்தாலும் அது போன்தான். காது கேளாதவர்களுக்கு அந்த அதிர்வு உண்மையிலேயே பெரிய உதவி, அதை மறுக்க மாட்டேன். மற்றபடி என் ஓட்டு உடம்புக் கணக்குக்குத்தான்.

ஆனா ஒரு நிபந்தனை. பேண்டுக்குள் இருப்பது மூன்று திசை முடுக்கத்தை விநாடிக்குப் பல தடவை அளக்கும் ஒரு சில்லு. அந்த எண்களில் நடையின் தாளம் தெரிகிறதா என்று மென்பொருள் தேடுகிறது. சாதாரண நடையில் விநாடிக்கு ரெண்டு உச்சம் மாதிரி வரும். அது பார்ப்பது கையை, காலை இல்லை. என் அப்பா ஓய்வுபெற்ற கார்டு, எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. டாக்டர் ஒவ்வொரு தடவையும் "எவ்வளவு ஸ்டெப்பு வருதுங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். நான் வாங்கிக் கொடுத்த பேண்டில் எப்பவும் எண் குறைவு. இன்னும் நடங்க, இன்னும் நடங்க என்பார் டாக்டர். அப்பாவுக்கு முட்டி வீங்கிப்போச்சு. ஒரு நாள் அவரே பேண்டைச் சோதித்தார். வலது பாக்கெட்டில் பத்து புளியங்கொட்டை, நூறு காலடிக்கு ஒன்று இடது பாக்கெட்டுக்கு. ஆயிரம் முடிந்தபோது பேண்டில் நானூறுகூட ஏறவில்லை. காரணம் எளிது, அவர் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர். அந்த வயசுக்காரர்கள் பாதிப்பேர் அப்படித்தானே நடப்பார்கள்?

நேர்மாறும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு அக்கா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்த வேலை. சாயங்காலம் அவர் பேண்டில் ஆயிரக்கணக்கில் காலடி. கை ஓயாமல் ஆடுது, பஸ்ஸும் குலுக்குது, அது எண்ணிக்கொண்டே இருக்குது. "எனக்குத்தான் நடை ஆயிடுச்சே" என்று அவர் மாலை நடையை விட்டுவிட்டார்.

இந்த வேலைக்கு நாலு மணி சிக்னல் வைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. மென்பொருள் எழுதுகிறவனாகச் சொல்கிறேன், ஒரு நாள் வேலை. 'நூறு காலடி எண்ணி நடந்து பட்டனை அழுத்து' என்று ஒரு திரை. வந்த எண்ணோடு ஒப்பிட்டு ஆளுக்கு ஏற்ப அளவைத் திருத்தலாம், திருத்த முடியாத அளவு பிசகினால் 'உங்கள் நடைக்கு இது சரிவராது, பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்' என்று வெளிப்படையாகச் சொல்லலாம். நான் கையாண்டுபார்த்த மலிவு பேண்டுகள் எதிலும் இது இல்லை. அதற்குப் பதிலாக ரத்த ஆக்சிஜன், மன அழுத்தம், தூக்க மதிப்பெண் என்று புதுப்புது எண்கள். காலடியையாவது புளியங்கொட்டை வைத்துச் சரிபார்க்கலாம், மன அழுத்தம் 43 என்றால் எதோடு ஒப்பிடுவது? பெட்டிக்குள் பொடி எழுத்தில் 'இது மருத்துவக் கருவி அல்ல' என்று போட்டுவிடுகிறார்கள், டாக்டர் மேஜைக்கு அந்தப் பொடி எழுத்து வருவதில்லை.

அப்பா இப்போது பேண்டைக் கணுக்காலில், சாக்ஸுக்கு உள்ளே கட்டுகிறார். ஆயிரத்துக்குப் பத்துப் பதினைந்துதான் வித்தியாசம். மாதம் ஒரு தடவை புளியங்கொட்டையோடு ஒப்பிட்டு, பழைய கார்டு வழக்கப்படி, டைரியில் தேதியும் பிசகும் குறிக்கிறார். டாக்டரிடம் அந்த டைரிதான் போகிறது.

பழைய மெட்ராஸ் ரயில்வே, தென்னிந்திய ரயில்வே காலத்துப் பணிக் கடிகாரம் யார் வீட்டிலாவது இருந்தால் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். நேரம் திருத்தியதைக் குறித்த கார்டு நோட்டு எதுவும் கிடைத்தால் இன்னும் நல்லது, ஜோலார்பேட்டை, அரக்கோணம் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்க வாய்ப்பு உண்டு.