லயத்து ரேடியோவும் காதுக்குள்ள போன வயரும்

பதுளைக்கு ரயில் வந்தது 1924ல. அடுத்த வருஷம் டிசம்பர்ல கொழும்பு வானொலி தொடங்கிச்சு. ஆனா பசறை, நமுனுகுல பக்கத்து லயங்களுக்கு கரண்ட் வர எத்தனையோ காலம் பிடிச்சது. அங்க ரேடியோவைக் கொண்டுபோனது பெட்டரியில ஓடுற ட்ரான்சிஸ்டர்தான். 1954ல அமெரிக்காவில விற்பனைக்கு வந்த கண்டுபிடிப்பு அது. ஒரு காம்பராவில பாட்டுப் போட்டா அடுத்த காம்பராவுக்கும் கேக்கும்.

1979ல சோனி வோக்மன் வந்தப்போ, தனியாக் கேக்கிறது மரியாதையில்லைன்னு நினைச்சு இரண்டு ஹெட்போன் துளை வச்சாங்க. பிறகு அந்த இரண்டாவது துளை காணாமல்போனது.

இப்போ நாங்க இயர்போன் தலைமுறை. வயர் பெரும்பாலும் நடுவில அறுவதில்லை. பின் கிட்டயும் காதுக்கிட்டயும் மடங்கி மடங்கி, உள்ள இருக்கிற மெல்லிய செப்புக் கம்பிகள் முறியுது. விலைகூடின இயர்போன்கள் பலதில வயரை மட்டும் கழற்றி மாத்தலாம். மலிவானதில வயர் போனா முழுசும் குப்பை. ட்ரான்சிஸ்டரையாவது திறந்து ஈயம் வச்சு ஒட்டலாம். குறைந்த சம்பளக்காரர் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறதையும் எங்கட ஒலி வரலாற்றில எழுதணும்னு நாங்க நினைக்கிறோம். அடுத்த முறை வாங்கும்போது, "வயர் கழருமா?"ன்னு கேட்டுப் பாருங்க.