பிறப்பறியாச் சொல்

ஆங்கில அரிச்சுவடியைக் கையிலெடுக்கும் குழந்தை முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படிக்கும் சொற்களுள் 'டாக்' என்பதும் ஒன்று. மூன்றே எழுத்து, பொருளோ நாய். இத்துணை எளிய சொல்லின் பிறப்பு வரலாறு இன்றளவும் அறிஞர்களுக்குப் பிடிபடவில்லை என்றால் மாணவ நேயர்கள் வியப்படையக்கூடும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நாய்க்குரிய பொதுச்சொல் 'ஹுண்ட்' என்பதாகும். அதுவே இன்று 'ஹவுண்ட்' என வழங்குகிறது. இதற்குச் சுற்றம் பெரிது. ஜெர்மன் மொழியின் 'ஹுண்ட்', இலத்தீனின் 'கானிஸ்', வடமொழியின் 'சுவான' ஆகிய யாவும் இதன் உறவினர். அவ்வடமொழிச் சொல்லே தமிழில் 'சுவானம்' என வந்து வழங்குகிறது. ஹவுண்ட் எங்கே, சுவானம் எங்கே? செவிக்கு ஒற்றுமை தோன்றவில்லை. ஆயினும் உறவுக்குச் சான்று உண்டு. நூறு என்னும் எண்ணை இலத்தீனியர் 'கெந்தும்' என்றனர். ஆங்கிலேயர் 'ஹண்ட்ரட்' என்பர். வடமொழியார் 'சதம்' என்பர். ககரத்துக்கு ஹகரமும் சகரமும் இவ்வாறு ஒழுங்காக எதிர்நிற்பதைக் கண்டே அறிஞர் உறவை நிலைநாட்டினர்.

'டாக்' என்னும் சொல்லுக்கோ இத்தகைய சுற்றம் இல்லை. கி.பி. 11ஆம் நூற்றாண்டில், புருடென்டியஸ் என்னும் இலத்தீன் கவிஞரின் நூலுக்கு எழுதப்பட்ட உரைக்குறிப்பொன்றில் 'டொக்கா' என்னும் பழைய வடிவம் தலைகாட்டுகிறது. பிற்காலத்தே அச்சொல் மெல்ல மெல்லப் பரவி, 16ஆம் நூற்றாண்டளவில் எல்லா நாய்களுக்கும் பொதுப்பெயராய் அரியணை ஏறியது. பழைய ஹுண்டோ வேட்டை நாய் என்னும் குறுகிய பொருளில் ஒதுங்கிற்று. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் பெருநாயைக் குறிக்கும் ஒத்த சொற்கள் உண்டே என்று கேட்கலாம். அவை அந்த நூற்றாண்டில் ஆங்கிலத்திடம் வாங்கிய கடன், உறவு அல்ல.

இது எங்கிருந்து வந்தது? தவளை, பன்றி ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களும் இதே ஈற்றைக் கொண்டவை. ஆதலின் இது மக்கள் பேச்சில் பிறந்த செல்லப்பெயராகவோ கொச்சைச் சொல்லாகவோ இருக்கலாம் என்பர். கருநிறம் குறித்த 'டோக்ஸ்' என்னும் பழஞ்சொல்லின் திரிபாகலாம் என்று போலந்து நாட்டு மொழியறிஞர் பியோத்தர் கொன்ஷியோரோவ்ஸ்கி 2006இல் கூறினார். எல்லாம் கருத்துகளே, முடிந்த முடிபன்று.

காரணம் வெளிப்படை. அக்காலத்தில் எழுதுகோல் பிடித்தோர் பெரும்பாலும் துறவியர். உழவனும் இடையனும் தம் நாயை அழைத்த பெயரை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அச்சுக்காலத்தில் பிறந்த கொச்சைச் சொல்லின் நிலை வேறு. கலப்பின நாயை ஆங்கிலத்தில் 'மட்' என்பர். 'ஆட்டுத்தலையன்', அதாவது மூடன், எனப் பொருள்படும் 'மட்டன்ஹெட்' என்னும் வசையின் குறுக்கமே அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுச்சொல்லும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறுக்கமும் ஏட்டில் ஏறிவிட்டமையால் அதன் தடம் தெரிகிறது.

நானும் இளமையில் ஒத்த ஒலியுடைய அயல்மொழிச் சொற்களைக் கண்டவுடன் உறவு கொண்டாடியவன். அம்மயக்கத்தைத் தீர்த்த மருந்து ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைத்தது. குயின்ஸ்லாந்தின் வடபகுதியில் ம்பபரம் என்னும் பழங்குடி மொழி வழங்கியது. 1960களில் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்னும் மொழியறிஞர், அதனை அறிந்திருந்த ஆல்பர்ட் பென்னட் என்னும் முதியவரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். முதியவரின் விடை: 'டாக்'! ஆங்கிலக் கடன் என்றே எவரும் நினைப்பர். அன்று. அண்டை மொழியான யிடினில் நாய்க்குக் 'குடகா' என்று பெயர். அத்தகைய பழஞ்சொல்லின் முதலசையும் இறுதி உயிரும் தேய்ந்து, இடையுயிரும் திரிந்து, ம்பபரத்தில் 'டாக்' ஆயிற்று. ஆங்கிலத்தோடு அதற்கு எவ்வுறவும் இல்லை. ஒலி தற்செயலாக ஒத்தது, அவ்வளவே.

ஒலி ஒவ்வாத ஹவுண்டும் சுவானமும் ஒரே குடிப்பிறந்தவை. ஒலி முழுதும் ஒத்த இரண்டு 'டாக்'குகளும் அயலார். செவியை மட்டும் நம்பிச் சொல்லாராய்ச்சி செய்வோர் இவ்விரண்டையும் நினைவில் இருத்துதல் நலம். சான்று உள்ளவரை செல்வதும், சான்று நின்றவிடத்து நிற்பதும் ஆராய்ச்சியின் அறம். பிறப்பு விளங்காத ஒரு சொல்லுக்குப் பொய்யான பெற்றோரைத் தேடித் தருவதினும், 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதிவைப்பது மேல். அவ்வெற்றிடத்தை நிரப்பும் சான்று நாளை மாணவர் ஒருவரின் கைக்கு எட்டலாம் அன்றோ?