யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

கள்ளக்குறிச்சிக்குக் கடல் இல்லை. 2019 நவம்பர் 26 வரை பேருக்காவது இருந்தது. விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்தவரை மரக்காணமும் எங்க மாவட்டத்துக் கடற்கரைதான். தனி மாவட்டம் ஆனதும் மலை இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம் என்று பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. ஆனாலும் படகில் வைக்கிற ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று புரிய, கடலைவிடக் கல்வராயன் மலை நல்ல இடம்.

கச்சிராயப்பாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு பஸ் ஏறினால், வளைவுக்கு வளைவு செல்போன் சிக்னல் போய்ப் போய் வரும். பாறை மறைத்தால் போச்சு. படகுகளில் இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோவும் இதே ஜாதி. அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கடலில் பாறை கிடையாது, ஆனால் பூமியின் வளைவு இருக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தைச் சுமார் நான்கால் பெருக்கினால், எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று தெரிந்துவிடும். 4 மீட்டர் உயரத்துக்கு 8 கிலோமீட்டர். அதே மாதிரி இன்னொரு படகு எதிரில் இருந்தால் இரண்டையும் கூட்டி 16. கல்வராயன் மலையில் 3000 அடி, அதாவது 900 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனா வைத்தால் 120. மலையிலிருந்து கடலூர்க் கரை ஏறக்குறைய 110 கிலோமீட்டர்தான். ஆக, கணக்குப்படி, கடலே இல்லாத எங்க ஊர் மலையிலிருந்து கடலூர்ப் படகோடு பேச முடியும்.

உல்லாசப் படகுக்கு ரேடியோ வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். கையில் பிடிக்கிற செட் பெரும்பாலும் 5 வாட், படகில் பொருத்துகிற செட் 25 வாட். ஐந்து மடங்கு சக்தி என்பதால் ஐந்து மடங்கு தூரம் கிடைக்காது. வாட்டைக் கூட்டினால் சத்தம் தெளியும், அடிவானம் நகராது. காசு ஆன்டெனாவின் உயரத்துக்குப் போகவேண்டும்.

சரி, எட்டுகிற தூரம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஆள் இருக்கவேண்டுமே? 1912 ஏப்ரல் 14 இரவு, பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த கலிஃபோர்னியன் கப்பலில் வயர்லெஸ் இருந்தது. அதை இயக்க சிரில் எவன்ஸ் என்ற ஒரே ஒரு இளைஞர். பனி இருக்கிறது என்று டைட்டானிக்குக்குச் சொல்லப் போய், பயணிகளின் தந்திகளை அனுப்பும் மும்முரத்தில் இருந்த அந்தக் கப்பலின் ஆபரேட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பதினொன்றரை மணி வாக்கில் செட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். 11:40க்கு டைட்டானிக் மோதியது. பக்கத்தில் கப்பல் இருந்தது, கருவி இருந்தது, காது இல்லை. 1914இல் வந்த சர்வதேச ஒப்பந்தம் பயணிகள் கப்பல்களில் இடைவிடாத வயர்லெஸ் காவலைக் கேட்டது அதனால்தான்.

வி.எச்.எஃப். வந்த பிறகு அந்தக் காவல் 16ஆம் சேனலுக்கு, 156.8 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தது. 1999 பிப்ரவரி 1 முதல் பெரிய கப்பல்களில் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டில், கேட்கிற வேலையில் பாதியை மெஷினே எடுத்துக்கொண்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் படகின் ஒன்பது இலக்க எண்ணும், ஜி.பி.எஸ். இணைத்திருந்தால் இருப்பிடமும், 70ஆம் சேனலில் டிஜிட்டலாகப் போகும். இந்தியப் படகென்றால் அந்த எண் 419இல் தொடங்கும். புது செட் வாங்கி அந்த எண்ணைப் பதியாமல் விட்டால், சிவப்புப் பொத்தான் வெறும் அலங்காரம்.

நம்ம கரையில் இந்தக் கதை வேறு மாதிரி. இங்கே ரேடியோ என்றால் பாதுகாப்புக்கு முந்தி லைசென்ஸ்தான் ஞாபகம் வரும். 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு செட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்கே தாத்தா காலத்தில் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புக் வாங்கினார்கள். அந்தச் சட்டத்துக்கு மாற்று 2023இல்தான் வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள். லட்சத்தீவுக்கும் அப்பால் போவார்கள். அவர்களிடம் வயர்லெஸ் இருந்தது. ஒரு படகு சொன்னதை அடுத்த படகு, அதற்கடுத்த படகு என்று வாய்வழியாகத்தான் சேதி கரைக்கு வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி, குமரி முனைக்குப் பக்கத்தில், சில மணி நேரத்தில் புயலாக வலுத்தது. அதற்கு முன்பே கடலுக்குள் போயிருந்தவர்களுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. 16 கிலோமீட்டர் கண்ணிகளால் ஆன சங்கிலியில் நடுவே ஒரு படகு இல்லையென்றால் அதற்கப்பால் எல்லோரும் ஊமைகள்தான். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒத்துப்போகவில்லை. யார் எங்கே இருந்தார்கள் என்பதே தெரியாதபோது எண்ணிக்கை மட்டும் எப்படி ஒத்துப்போகும்? மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே தேடப் போனார்கள்.

அடுத்த வருஷம், 2018 செப்டம்பர் 21, அபிலாஷ் டோமி. கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த இந்தியக் கடற்படை அதிகாரி. தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் அவரது துரியா படகின் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு அடிபட்டு நகர முடியாமல் கிடந்தார். அவசரப் பையில் இருந்த சாட்டிலைட் ஃபோன் கைக்கு எட்டவில்லை. கைக்கு எட்டியது குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சின்னக் கருவி. அதில் தட்டிய சில வரிகளை நம்பி, 24ஆம் தேதி பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் ஒசிரிஸ் போய் எடுத்தது. 1968இல் இதே பேரில் நடந்த முதல் பந்தயத்தை ஜெயித்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ரேடியோ நடுவழியில் கெட்டுப்போய், மாதக்கணக்கில் அவர் இருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாமல் இருந்தது.

பாய்மர உச்சியில்தான் ஆன்டெனா உயரம் கிடைக்கும், பாய்மரம் விழுந்தால் முதலில் போவதும் அதுதான். அதனால் கரையோரம் சுற்றுகிற படகுக்குப் பொருத்துகிற செட் ஒன்று, தண்ணீர் புகாத கை செட் ஒன்று என்று இரண்டு வாங்குவேன். கை செட் பையில் இருக்கக் கூடாது, லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருக்கவேண்டும். தூத்தூர்ப் படகுக்கு இது காணாது, அங்கே செயற்கைக்கோள்தான். 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைத்த திட்டத்தில் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு அப்படிப்பட்ட கருவி தருவதாகச் சொன்னார்கள். அதில் பேச முடியாது. ஆனால் கரையிலிருந்து "புயல் வருது, திரும்பு" என்று எழுதி அனுப்ப முடியும்.