பார்ட்டலின் நான்கு வகையும் மலாக்காவின் ஒற்றை ஐடியும்

இணையத்தில் பலர் கூடி வேடம் பூண்டு ஆடும் விளையாட்டுகளை ஆராய்வோர், தாமும் இறங்கி ஆடிய பிறகே எழுத வேண்டும் என்பது இன்று ஏறக்குறைய எழுதாத விதி. டி. எல். டெய்லர் ‘எவர்குவெஸ்ட்’ ஆடிவிட்டு 2006இல் நூல் எழுதினார். பானி நார்டி ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் பூசாரி வேடத்தில் திரிந்துவிட்டு 2010இல் எழுதினார். இந்த மரபுக்கு முன்னோடியாக எல்லாரும் சுட்டுவது ரிச்சர்ட் பார்ட்டல் 1996இல் ‘ஜர்னல் ஆஃப் மட் ரிசர்ச்’ இதழில் வெளியிட்ட கட்டுரையை. ஆட்டக்காரர்களைச் சாதிப்போர், துருவிப் பார்ப்போர், பழகுவோர், பிறரை வீழ்த்துவோர் என நான்காகப் பகுத்து, சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களையும் அவர்களுக்குச் சூட்டியது அது. அந்தப் பகுப்பில் தெரிவது ஆட்டக்காரர்களின் இயல்பைவிட, ஆட்டத்தை நடத்தியவரின் பார்வையே என்பது என் துணிபு.

பார்ட்டலின் பின்னணி பலரும் அறிந்தது. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய ‘மட்’ என்ற ஆட்டத்தை மாணவராக இருந்தபோதே அவர் கையில் எடுத்தார்; அங்கேயே செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்டமும் பெற்றார். ஆட்டம் பிறந்த ஆண்டை 1978 என்போரும் உண்டு, பார்ட்டல் பொறுப்பேற்ற 1980 வடிவையே முதல் முழு வடிவமாகக் கொள்வோரும் உண்டு. இங்கே எதை ஏற்றாலும் வாதம் மாறாது. ஆய்வாளர், ஆட்டக்காரர், ஆட்டத்தை ஆக்கியவர் ஆகிய மூவரும் அவரிடம் ஒருவரே என்பதுதான் முக்கியம்.

1996 கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு பத்தி வருகிறது. அதை எடுத்தாளும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்; மொத்தக் கட்டுரைக்கும் ஆதாரம் அந்த ஒரு பத்திதான். 1989 நவம்பர் முதல் 1990 மே வரை, பிரிட்டனில் ஓடிய ‘மட்’ வகை ஆட்டம் ஒன்றில், ‘மந்திரவாதி’ நிலையை எட்டிய மூத்த ஆட்டக்காரர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. மக்கள் இந்த ஆட்டத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பதே கேள்வி. பல நூறு பதிவுகள் எழுதப்பட்டன. பதினைந்து பேர் பெரும்பங்கு எடுத்தார்கள்; இன்னும் பதினைந்து பேரளவில் ஆங்காங்கே பேசினார்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்த மந்திரவாதிகளில் ஏறக்குறைய அனைவரும் இதில் அடக்கம். பேசி ஓய்ந்ததும், தலைமை நிர்வாகி என்ற முறையில் பார்ட்டல் தொகுத்துரைத்தார். தொகுக்கையில் நான்கு குழுக்கள் புலப்பட்டன. பங்கேற்றவர்களும் அதைப் பொதுவாக ஏற்றுக்கொண்டார்கள்.

‘நிர்வாகி’ என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். மெய்க்கீர்த்தியை வைத்து மன்னனின் வெற்றிகளை மட்டும் எழுதிவிட்டால் எந்தக் கல்வெட்டு ஆய்வாளரும் ஒப்ப மாட்டார். கல்லில் வெட்டச் சொன்னவர் யார் என்பதே முதல் கேள்வியாக வரும். இங்கும் அதையே கேட்கிறேன். பல நூறு பதிவுகள் கட்டுரையில் அப்படியே அச்சாகவில்லை. நமக்குக் கிடைப்பது அவற்றின் சாரம். சாரத்தை இறக்கியவர், யார் தொல்லை தருகிறார், யார் நிலைத்து ஆடுவார், எந்தக் கூட்டம் பெருத்தால் எந்தக் கூட்டம் கலையும் என்று நாளும் கவலைப்பட வேண்டிய இடத்தில் இருந்தவர். கட்டுரையின் பின்பகுதி முழுவதும் இந்தச் சமநிலைக் கணக்காகவே போவது தற்செயலாகத் தோன்றவில்லை.

மந்திரவாதிகள் யார் என்பது அடுத்த சிக்கல். அந்த ஆட்டத்தில் சண்டையில் மாண்டால் பாத்திரம் அடியோடு அழிந்துபோகும். சேர்த்த புள்ளியெல்லாம் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதையெல்லாம் தாண்டி உச்சியில் ஏறியவர்களே மந்திரவாதிகள். பாதியில் விட்டவர்கள் விவாதத்தில் இல்லை. தொலைபேசிக் கட்டணம் கட்ட முடியாமல் நுழையவே இயலாதவர்களும் இல்லை.

இந்த எதிர்ப்பைப் பார்ட்டல் முன்பே எண்ணியிருக்கிறார். அவருக்கு உரிய நியாயத்தைச் செய்ய வேண்டும். மந்திரவாதிகளிலும் எல்லா வகை ஆட்டக்காரரும் இருந்தார்கள் என்பது அவர் பதில். ஆனால் ‘எல்லா வகை’ என்ற அந்த வகைகள் எங்கிருந்து வந்தன? அதே விவாதத்திலிருந்து. முப்பது பேர் பேச்சிலிருந்து நான்கு வகையைப் பிரித்தெடுத்துவிட்டு, அந்த நான்கும் முப்பது பேரிடம் இருந்தன, ஆகவே முப்பது பேர் போதும் என்றால் அது வட்டவாதம். ஐந்தாவது வகை ஒன்று வாசலுக்கு வெளியே நின்றிருந்தால் இந்த முறையால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

1990 அக்டோபர்-நவம்பரில் ‘காம்ஸ் பிளஸ்’ இதழில் இதே பொருளில் பார்ட்டல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டிருந்தார். இரண்டுக்கும் இடையே ஆறு ஆண்டுகள். விவாதத்தின் சூட்டில் எழுந்தது எது, 1996இல் பின்னோக்கிச் சேர்த்தது எது என்பதை அறுதியிட்டுச் சொல்ல நான் துணியவில்லை.

பின்வந்தோரின் திருத்தங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நிக் யீ 2006இல் 3000 ஆட்டக்காரர்களின் விடைகளைப் புள்ளியியல் முறையில் அலசி, சாதனை, உறவாடல், ஆழ்தல் என மூன்று பெரும் நோக்கங்களைக் கண்டார். ஒரு நோக்கம் ஓங்கினால் மற்றது தாழ வேண்டியதில்லை என்றும் காட்டினார். பார்ட்டலே 2003 நூலில் நான்கை எட்டாக விரித்தார். ஆட்டத்துக்குள் இருந்ததாலேயே கிடைத்த ஆய்வுகளும் உண்டு. எட்வர்ட் காஸ்ட்ரனோவா 2001இல் எவர்குவெஸ்டுக்குள் குடிபுகுந்து, அந்தக் கற்பனை உலகின் ஆள்வீத உற்பத்தியை 2266 டாலர் என்று கணித்தார். 2005 செப்டம்பரில் வார்கிராஃப்டில் பரவிய ‘கெட்ட ரத்தம்’ என்ற கொள்ளைநோயை எரிக் லாஃப்கிரென் நீனா ஃபெஃபர்மேனோடு சேர்ந்து 2007இல் தொற்றுநோய் மருத்துவ இதழுக்குக் கொண்டுபோனார். லாஃப்கிரென் அந்த ஆட்டத்தை ஆடியவர். ஆடுவதால் கண் திறக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. யாருடைய கண் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறேன்.

அப்படி வாசலுக்கு வெளியே நின்ற ஓர் இடமாக மலேசியாவின் மலாக்காவை எடுத்துக்கொள்கிறேன்.  பிரிட்டன் மந்திரவாதிகள் வாதாடத் தொடங்கிய 1989இல், மலாக்கா தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆட்டத்தின் வாசல் எந்த வழியிலும் திறந்திருக்கவில்லை. ஜாரிங் என்ற இணையச் சேவை வழியாக மலேசியாவுக்கு இணையம் வந்ததே 1990களின் முதற்பாதியில்தான். பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா, டுரியான் துங்கல் பக்கம் பெயர்ந்த தலைமுறைக்கு, ‘மேப்பிள் ஸ்டோரி’ என்ற இணைய ஆட்டத்தின் தென்கிழக்காசியப் பதிப்பு 2005இல் வந்தபோது வாசலாக இருந்தது சைபர் கஃபே.

அங்கே நான் கண்ட ஒரு வழக்கத்தைத்தான் என் சான்றாக வைக்கிறேன். அளவில் அது சிறிது. அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன். ஒரு ஐடியை அண்ணன், தம்பி, மாமன் மகன் என இரண்டு மூன்று பேர் வைத்திருப்பார்கள். டாப்அப் கார்டுக்குக் காசு எல்லாரும் போடுவார்கள். பள்ளி விட்டு வரும் தம்பி அரக்கர்களை அடித்து லெவல் ஏற்றுவான். வேலை முடிந்து வரும் அண்ணன் அதே பாத்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பொருள் விற்பான். கில்ட் என்ற ஆட்டக்குழுவில் அரட்டையும் அவன் பொறுப்பு. மாமன் மகனுக்கு வரைபடத்தின் மூலைமுடுக்குகள் அத்துப்படி. அந்த ஐடியைக் கேள்வித்தாளில் நிறுத்தினால் சாதிப்போனா, பழகுவோனா, துருவுவோனா? பாத்திரத்துக்கு ஒரு மனம், மனத்துக்கு ஒரு விருப்பம் என்ற பார்ட்டலின் ஏற்பாடு இங்கே செல்லாது. யீயின் மூன்று நோக்கங்களும் விடை தருபவர் ஒருவரே என்று வைத்துக்கொண்டுதான் நிற்கின்றன. பெய்ஜிங் இணைய நிலையங்களுக்கே சென்று பார்த்த நார்டி, ஆட்டம் தோளோடு தோள் அமர்ந்து நடப்பதாக விவரித்தார். இவ்வழியில் நெருங்கி வந்தவர் அவர்தான்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: ஐடியைப் பகிர்ந்தது வறுமையால், வசதி வந்ததும் தனித்தனியே ஆடியிருப்பார்களே என்று. இருக்கலாம். ஆனால் அந்த பிரிட்டன் ஆட்டத்தில் தனித்தனியே ஆடியதும் கணினியும் தொலைபேசி இணைப்பும் வாய்த்த வசதியால்தான். ஒன்றை இயல்பு என்றும் மற்றதை நெருக்கடி என்றும் எழுத எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்த வழக்கம் எப்போது அற்றுப்போனது என்பதற்கு ஓர் ஆண்டைக் குறிக்க இயலவில்லை. 2005க்குப் பின் தொடங்கி, ஆளுக்கொரு கைப்பேசி வந்து அதிலேயே ஆடத் தொடங்கும் வரை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். அப்போது கார்டுக்குக் காசு போட்டவர்கள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதினால் இந்த எல்லை இன்னும் குறுகும்.