பால்வாடியும் பிள்ளையின் பேச்சும்



யூபிலி ஆண்டில் ஆலயம் எழுப்பியவர்களையும் பள்ளிகள் தொடங்கியவர்களையும் நன்றியோடு நினைவுகூர்வது நம் வழக்கம். ஆனால், பள்ளிக்குப் போகுமுன்னே பிள்ளைகளை அருகில் இருத்திப் பேசப் பழக்கிய பெண்களை எந்த மலரும் அதிகம் நினைப்பதில்லை. அவர்களது வரலாற்றைச் சிறிது காண்போம்.

'பால்வாடி' என்றதும் பால் கொடுக்கும் இடம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இங்கே 'பால்' என்பது குழந்தையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லாகும். வயிற்றுக்கு நாம் காட்டும் அக்கறையைப் பேச்சுக்குக் காட்டவில்லை என்பதை இத்தவறான பொருளே சொல்லிவிடுகிறது.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது 1739-ல். அதற்கு மறு ஆண்டு பிறந்தவர் ஓபர்லின் என்னும் லுத்தரன் சபைப் போதகர். பிரான்சின் வோஷ் மலைநாட்டு ஏழைகளிடையே அவர் பணியாற்றினார். அங்கே சாரா பான்ஸே என்ற இளம்பெண் தன் வீட்டில் சிறுவர்களைக் கூட்டிப் பின்னல் வேலை கற்பித்துவந்தாள். அதைக் கண்ட போதகர், 1770-ஆம் ஆண்டையொட்டி அவளைப் போன்ற ஊர்ப் பெண்களைத் தேர்ந்து பழக்கினார். அவர்கள் படங்களைக் காட்டி, பொருள்களின் பெயரை முதலில் ஊர்ப்பேச்சிலும் பிறகு பிரெஞ்சு மொழியிலும் சொல்லித் தந்தார்கள். தாய்மொழியின் தோளில் ஏறித்தான் பிறமொழி வந்தது!

நம் தமிழகத்திற்கு இத்தகைய பயிற்சி 1939 நவம்பரில் வந்தது. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறு வந்தார். முதல் வகுப்பிலேயே சுமார் 300 பேர் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ மொழிபெயர்த்தார். உலகப்போரால் 1946 வரை அவர்கள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லுவது அவரது முறை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிய நமக்கு இது அந்நியமன்று.

இம்முறையை ஏழைகளின் வாசலுக்குக் கொண்டு சென்றவர் தாராபாய் மோடக் அம்மையார். 1945-ல் மகாராஷ்டிரக் கடலோர ஊராகிய போர்டியிலும், 1957 முதல் கோஸ்பாடிலும் பணிசெய்தார். பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, அவர்களது முற்றத்திற்கே பள்ளி சென்றது. கூழாங்கல்லும் இலையும் பாடக் கருவிகளாயின. 'அங்கன்' என்றால் முற்றம்; அங்கன்வாடி என்ற பெயர் அதனால் வந்தது.

1975 அக்டோபர் 2-ல் நடுவணரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதன் ஆறு பணிகளுள் முன்பருவக் கல்வியும் ஒன்று. எனினும் எடையையும் தடுப்பூசியையும் பதிவேட்டில் குறிக்கலாம். பிள்ளையோடு பேசிய பேச்சை எந்தப் பதிவேட்டில் குறிப்பது? ஆகவே அது பின்தள்ளப்பட்டது. 48 ஆண்டுகளுக்குப் பின், 2023 மே மாதத்தில்தான் 'ஊட்டமும் வேண்டும், கல்வியும் வேண்டும்' என்ற பொருள்படும் பெயரோடு, அங்கன்வாடிப் பணியாளர்க்குத் தனிப் பயிற்சித் திட்டத்தை நடுவணரசு அறிவித்தது.

இத்தகைய பயிற்சி எதைக் கற்பிக்க வேண்டும்? பிள்ளை சுட்டுவதற்குப் பெயர் சொல்வது; கேள்வி கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பது; படக்கதையை வாசிக்கையில் பிள்ளையே பக்கம் புரட்ட விடுவது; விரல் உறுதிப்படுமுன் சிலேட்டைத் திணிக்காமல் இருப்பது. கிளிஞ்சல்மேட்டுக் குழந்தை "அப்பா கடலுக்குப் போச்சு" என்றால், "அப்படியா!" என்று முடித்துவிடலாகாது. "என்ன மீன் கொண்டுவந்தார்? நீ தொட்டுப் பார்த்தாயா?" என்று கேட்கவேண்டும். மாங்கனித் திருவிழாவில் கண்டதை அது தன் மழலையில் சொல்லச் சொல்ல, நாளை வாசிக்கப்போகும் சொற்கள் மனத்தில் சேருகின்றன.

இப்பணியைச் செய்வோர் நம் தெருப் பெண்களே. பெற்றோரே, மாலையில் பிள்ளையிடம் "இன்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கிறீர்கள். "என்ன கதை கேட்டாய்?" என்றும் கேளுங்கள். அது சொல்லும்வரை, கையிலுள்ள வேலையைச் சற்றே நிறுத்திக் காத்திருங்கள்.