மலாக்காவின் கைவெடியும் அதனைத் திருத்திய கைகளும்

கருவி ஒன்று கைக்கு வந்ததும் மனிதன் அதனைத் தன் கைக்கேற்பத் திருத்தத் தலைப்படுகிறான். மண்வெட்டிக் காம்பை இழைப்பவனும், பால்வெட்டும் கத்தியின் பிடியில் துணி சுற்றுபவனும் செய்வது இதுவே. மேனாட்டுக் கைத்துப்பாக்கிப் பிரியர்களின் செயலும் இதனின் வேறன்று. அமெரிக்கப் படை 1911-ல் ஏற்றுக்கொண்ட கோல்ட் கைத்துப்பாக்கி சிறிய கையுடையோர்க்கு இசையவில்லை. ஆகவே 1920-களில் அதன் விசை குறுக்கப்பெற்றது. விசையின் பின்னுள்ள பகுதி செதுக்கப்பெற்றது. பிடியின் பின்புறம் வளைக்கப்பெற்றது. அதனை வைத்திருப்போர் பிடிப்பலகையையும் குறிமுள்ளையும் மாற்றி இன்றும் அவ்வேலையைத் தொடர்கின்றனர். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியுள்ள மலேசியாவில் இத்தகைய விருப்பத்துக்கு இடம் மிகக் குறைவு. எனினும் மலாக்கா நீரிணையின் இருகரையிலும் ஒரு காலத்தில் இது சிறந்த தொழிலாக விளங்கியது. அதன் வரலாறு பள்ளிப் பாடங்களில் ஏறவில்லை.

பாடங்களில் ஏறியது வேறொரு கதை. 1511-ல் அல்புகர்க் பதினெட்டுக் கப்பல்கள் அளவிலான படையுடன் வந்தான்; பறங்கியரிடம் பீரங்கி இருந்தது, மலாக்காக்காரரிடம் கிரிசும் ஈட்டியும் இருந்தன; ஆகவே நகரம் வீழ்ந்தது என்பதே அக்கதை. இதற்கு ஆதாரமாகச் செஜாரா மெலாயு காட்டப்படும். பீரங்கி ஓசையைக் கேட்ட மக்கள், உருண்டையாயிருந்தும் உயிரைப் போக்கவல்ல இப்பொருள் யாதோ என வியந்ததாக அந்நூல் கூறுகிறது. அது பிற்காலத்தில் இன்றைய வடிவம் பெற்ற நூல் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

வென்றவர் தரப்பு நூலோ முற்றிலும் மாறாகப் பேசுகிறது. அல்புகர்க்கின் மகன் தொகுத்த வரலாற்றுரை, நகரில் மூவாயிரம் துப்பாக்கி, பீரங்கிகள் கைப்பற்றப்பட்டன என்றும், அவற்றுள் இரண்டாயிரம் வெண்கலத்தாலானவை என்றும், மலாக்காவின் வார்ப்புத் தொழிலாளர் ஜெர்மானியருக்கு இணையானவர் என்றும் குறிக்கின்றது. வெற்றி பெற்றவன் தன் வெற்றியைப் பெரிதாக்கிக் காட்டுவது இயல்பு. மூவாயிரத்துள் பெரும்பாலானவை சிறு குழல்களாகவே இருந்திருத்தல் கூடும். ஆயினும், பகைவனின் கைத்திறனை வலிந்து புகழ வேண்டிய தேவை அம்மகனுக்கு இல்லை. பாலத்தைக் கைப்பற்ற ஜூலை 25-ல் ஒரு முறையும் ஆகஸ்டு 10-ல் மறுமுறையும் தாக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டு 24-ல்தான் நகரம் முழுதும் பறங்கியர் வசமாயிற்று. வெடியோசைக்கு அஞ்சி ஓடியவர்களின் போர் இவ்வளவு நாள் நீளாது. நகரின் அயல்வணிகர் சுல்தானோடு ஒன்றி நில்லாமையே வீழ்ச்சிக்குப் பெருங்காரணம் எனலாம். அவ்வணிகருள் தமிழ் வணிகன் நைனா சாட்டுவும் ஒருவன். சிறைப்பட்ட பறங்கியர்க்கு உதவிய அவன், நகரம் வீழ்ந்தபின் கலிங்கர் எனப்பட்டோர்க்குத் தலைவனாக்கப்பட்டான். நம்மவர் இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

சொற்களும் இவ்வழக்கில் சான்று கூறுகின்றன. வெடிமருந்தால் இயங்கும் படைக்கலம் அனைத்துக்கும் மலாய்மொழியில் பொதுப்பெயர் 'பெடில்' என்பது. இது தமிழின் 'வெடில்' என்ற சொல்லினின்று பிறந்தது என்பது சொல்லாய்வாளர் சிலர் கருத்து. மருந்துக்கு மலாயில் 'உபாட்'. வெடிமருந்து 'உபாட் பெடில்'. கரித்தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த கலவையைத் தமிழன் 'மருந்து' என்றான், மலாய்க்காரன் 'மருந்து' என்றான், சீனனும் 'தீமருந்து' என்றே பெயரிட்டான். இம்மூவரும் பறங்கியரைக் கேட்டுப் பெயரிட்டவரல்லர். பறங்கியர் தந்த பெயர் ஒன்று உண்டு. அது 'இஸ்திங்கார்', போர்த்துகீசிய மொழியின் 'எஸ்பிங்கார்டா' திரிந்தது. பொதுப்பெயர் பழமையானதாகவும் ஒரு வகைக்குரிய பெயர் மட்டும் புதியதாகவும் இருப்பதால், வெடிப்படையை முன்னரே அறிந்திருந்த மக்கள் புதுவகைத் துப்பாக்கி ஒன்றைப் பின்னர் ஏற்றனர் எனக் கொள்வதே பொருந்தும்.

ஏற்ற விதந்தான் ஆராயத்தக்கது. இஸ்திங்கார் என்பது திரித்துப்பாக்கி. கனலும் திரியைக் கவ்விய கொக்கி ஒன்று பித்தளை வில்லால் பின்னிழுத்து நிறுத்தப்பட்டிருக்கும். விசையைத் தொட்டதும் கொக்கி சட்டென்று மருந்துக்கிண்ணத்தில் விழும். இப்பொறி ஐரோப்பாவினின்று கோவாவுக்கு வந்தது. கோவாவின் கொல்லர் பொஹிமியரை ஒத்த தேர்ச்சியுடையவர் என்று 1513-ல் அல்புகர்க்கே தன் மன்னனுக்கு எழுதினான். ஐரோப்பா அப்பொறியை விரைவில் கைவிட்டது. கீழ்நாடுகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அதனைக் காத்தன. காத்தது மட்டுமன்று, ஒவ்வொரு நாடும் தன் உடம்புக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அதனைத் திருத்திற்று. இலங்கைக் கொல்லர் பொறியை இடப்பக்கம் அமைத்து, அடிக்கட்டையை இரண்டாகப் பிளந்து தந்தமும் வெள்ளியும் பதித்தனர். 1543-ல் தானேகாஷிமாத் தீவில் பறங்கியரிடம் இரு துப்பாக்கி வாங்கிய ஜப்பானியர் அவற்றைத் தாமே செய்யக் கற்றனர். மலாய் இஸ்திங்காரின் அடிக்கட்டை குறுகி வளைந்து, ஏறக்குறையக் கைத்துப்பாக்கியின் பிடி போலவே இருக்கும். அதனைத் தோளில் அழுத்துவதில்லை; ஜப்பானியரைப் போலக் கன்னத்தோடு சேர்த்தே சுடுவர். கட்டையில் கொடியும் பூவும் செதுக்குவர். கிரிசின் பிடியைச் செதுக்கிப் பழகிய கை இங்கும் தெரிகின்றது.

குழல் செய்வதில் பெயர் பெற்றவர் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்கள். தட்டையான இரும்புப் பட்டையை ஓர் உருண்டைக் கம்பியின்மேல் திருகுசுருளாகச் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவர் என்று 1783-ல் வெளிவந்த சுமாத்திரா வரலாற்றில் மார்ஸ்டன் எழுதுகிறார். நீளவாக்கில் மடித்து ஒட்டுவதினும் இம்முறை சிறந்தது என்பது அவர் தீர்ப்பு. காரணத்தை உய்த்துணரலாம், நீளவாக்கில் ஓடும் ஒட்டு மருந்தின் வேகத்தில் பிளந்துவிடும். அந்நாளில் அங்குச் சக்கிமுக்கித் துப்பாக்கியும் புகுந்திருந்தது. அதற்கு டச்சுக்காரரின் 'ஸ்னாப்ஹான்' என்னும் பெயரே வழங்கி, 'செனாப்பாங்' ஆகி, இன்று மலாயில் துப்பாக்கிக்குப் பொதுச்சொல்லாகிவிட்டது. கைத்துப்பாக்கியிலும் ஒரு வகை உண்டு; நீண்ட குழலுடைய அதனைத் 'தெராகோல்' என்றனர். மேனாட்டில் இவ்வகை குதிரைவீரன் சேணத்தில் தொங்கியது. இங்கோ அது படகேறியது. கடலோடிகளே அதனை மிகுதியும் விரும்பினர்.

இம்மினாங்கபாவ் மக்களின் ஒரு கிளையே மலாக்காவின் உள்நாடான நானிங்கில் குடியேறியது. இன்று அலோர் காஜா வட்டாரம் எனப்படும் அப்பகுதியில், ரப்பர் மரம் வருவதற்கு வெகுகாலம் முன்னே, ஒரு போர் நடந்தது. விளைச்சலில் பத்திலொரு பங்கு வரி கேட்ட கும்பினியாருக்குத் தலைவன் டோல் சையது பணிய மறுத்தான். 1831-ல் ஏறத்தாழ 150 சிப்பாய்கள் இரு பீரங்கிகளுடன் அனுப்பப்பட்டனர். அவர்கள் சென்னை மாகாணப் படையினர். காட்டுவழியில் மரங்களை வெட்டி வீழ்த்திப் பாதையை அடைத்து, மறைவிலிருந்து சுட்ட நானிங் மக்கள்முன் அப்படை பீரங்கிகளைக் கைவிட்டு மலாக்காவுக்குத் திரும்பிற்று. மறு ஆண்டில் பெரும்படை வந்தது. இருமருங்கும் காட்டை அழித்துச் சாலை போட்டுக்கொண்டே நகர்ந்த அதற்குத் தாபோவை அடைய ஜூன் நடுப்பகுதி ஆயிற்று. அற்ப வரிக்காக நடந்த அப்போருக்கு ஒரு லட்சம் பவுன் செலவாயிற்று என்பர். சென்னைப் பீரங்கிப் படையின் பெக்பி அப்போரில் பங்குகொண்டு, 1834-ல் மலாயாவைப் பற்றிய நூலொன்றும் வெளியிட்டான். சிப்பாய்களோ ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. அவர்களுள் தமிழர் எத்தனை பேரோ!

டோல் சையது 1834-ல் சரணடைந்து, மலாக்காவில் உதவித்தொகை பெற்று வாழ்ந்து, 1849-ல் இறந்தான். அவன் கல்லறை தாபோ நானிங்கில் இருக்கிறது.